எதிர்ப்பு சக்திக்கு என்று வந்த புட்டிகளும் அக்காவின் ரத்த ரிப்போர்ட்டும்

புற்றுநோய்க்குக் கீமோ நடக்கும் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் எல்லாம் முதல் சுற்று. சிகிச்சை நீள நீளப் பழப்பை நின்று புட்டி வரத் தொடங்கும். பாளையங்கோட்டையில் எங்கள் அக்காவுக்கு மார்பில் கட்டி கண்டுபிடித்து, அறுவை முடிந்து, கீமோ தொடங்கியபோது வந்து சேர்ந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சீந்தில் மாத்திரை, அமுக்கரா சூரணம், கருஞ்சீரக எண்ணெய், முள் சீத்தா இலைப் பொடி, கோதுமைப்புல் பொடி, சுருள்பாசி, நோனிச் சாறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், வெளிநாட்டிலிருந்து உறவுக்காரப் பையன் அனுப்பிய காளான் பொடி. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுவது என் வேலை. வந்ததைப் பதியாமல் விட எனக்குக் கை வராது.

கொண்டுவந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தி கூடும்." அவர்களில் நோனிச் சாறு கொண்டுவந்தவர் மட்டும் சங்கிலி வியாபாரத்தில் இருந்தார், அவருக்கு ஒரு புட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. மற்றவர்கள் அன்பினால் வந்தவர்கள். அன்பினால் வந்தவர்களை மறுப்பதுதான் கடினம்.

நான் மருத்துவர் இல்லை. அக்காவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு புற்றுநோய் மருத்துவர், சித்த மருத்துவர், உணவியல் ஆலோசகர் என்று மூன்று பேரிடமும் கேள்வி கேட்டவள். இன்று வேறு வீடுகளில் இதே புட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கீமோ காலத்தில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று சொன்னால், பெரும்பாலும் அது ரத்த ரிப்போர்ட்டில் எண்ணாகவே இருக்கும். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்வது. எலும்பு மஜ்ஜை அவற்றின் நாற்றங்கால். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது கீமோவின் வேலை என்பதால் நாற்றங்காலும் சேர்ந்து அடிபடுகிறது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், பிறகு தானாக ஏறும். அடுத்த கீமோவுக்கு மூன்று வாரம் இடைவெளி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே கணக்குப் போடலாம். மொத்த வெள்ளை அணுக்கள் 2,400, அதில் நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றிருந்தால் 720 வரும். 1,500க்குக் கீழே போனால் குறைவு, 500க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவு 2 மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெப்பமானியால் பார்க்காமல் பாராசிட்டமால் போட்டுவிடுவதும் கூடாது. காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. எங்கள் வீட்டுக்கு வந்த பொருள்களிலேயே அதிகம் பயன்பட்டது மருந்துக் கடையில் வாங்கிய டிஜிட்டல் வெப்பமானிதான்.

இப்படிக் குறைந்த எண்ணிக்கையை ஏற்றித் தருவதாக நிரூபிக்கப்பட்ட ஒன்று உண்டு. ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசி. மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில் உண்டாக்க வைக்கும். போட்டபின் இடுப்பும் முதுகும் வலிக்கும், அக்கா புலம்பித் தீர்த்துவிட்டாள். இதே வேலையை நம்பும்படி செய்துகாட்டிய பொடி எதையும் அந்த மூன்று பேரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் அது புற்றையும் அடித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. புற்றுச் செல் நம் உடம்பின் சொந்தச் செல்லாகவே பிறப்பது. அது காவல் செல்களின் மேலுள்ள தடைப் பொத்தானை அழுத்தி அவற்றை அடக்கிவைக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தத் தடையை எடுக்கும் வழியைக் கண்டதற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மருந்துகள் ஏறும்போது, அவிழ்ந்துவிட்ட எதிர்ப்பு சக்தி நோயாளியின் குடலையும் தைராய்டையும் ஈரலையுமே தாக்குவதும் உண்டு. கூடக் கூட நல்லது என்று சொல்லக்கூடிய பொருள் இல்லை அது.

இனி சீந்தில் மாத்திரை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாவது கீமோ முடிந்த பிறகு, அக்கா தானாகவே முடிவெடுத்துச் சீந்தில் மாத்திரையையும் மஞ்சள் கேப்ஸ்யூலையும் காலை மாலை எடுக்கத் தொடங்கினாள். "இலைதானே, கிழங்குதானே" என்பது அவள் வாதம். அடுத்த கீமோவுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் எண் 300ஐத் தாண்டியிருந்தது. சாதாரணமாக அது 40க்குள் இருக்க வேண்டும். கீமோ தள்ளிப்போடப்பட்டது. மஞ்சள்காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டுக்கும் பரிசோதித்தார்கள், இல்லை. ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருந்தது. பிறகுதான் மருத்துவர் கேட்டார்: "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைக் கொடுத்தேன். தேதி, பொருள், யார் கொடுத்தது, எத்தனை வேளை என்று கட்டம் போட்டிருந்தேன். அவர் திட்டவில்லை. இரண்டு வரிகளைச் சுற்றி வட்டம் போட்டார், எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கீமோ மருந்தேகூட ஈரலைத் தொந்தரவு செய்யும், ஆகவே எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எண் இறங்கியது, கீமோ மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் அத்தான் தூங்கவே இல்லை.

சீந்திலைச் சந்தேகிக்க மருத்துவருக்குக் காரணம் இருந்தது. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருந்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது, சீந்தில் பாதுகாப்பானது என்றது. அந்தச் சர்ச்சை ஒருபக்கம் நடக்கட்டும். கீமோ மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் ஒன்றுதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அக்கா அந்த விவாதத்தில் கட்சி சேர வேண்டியதில்லை. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் செடியே, தூண்டப்பட்ட எதிர்ப்பு சக்தியால் ஈரலுக்குக் கேடு செய்யலாம் என்பதுதான் அந்த மருத்துவர்களின் ஐயம்.

மஞ்சளைப் பற்றிப் பேசினால் நம் ஊரில் சண்டை வரும். குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதிலிருக்கும் குர்குமின் உடம்பில் மிகக் குறைவாகவே சேரும். கேப்ஸ்யூல்காரர்கள் அதற்காகத்தான் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கிறார்கள். பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், பைப்பரின் சேர்ந்தபோது மனித உடம்பில் குர்குமின் சேர்வது 20 மடங்கு கூடியதாகக் கண்டார்கள். விளம்பரங்கள் இதோடு நின்றுவிடும். அதே பைப்பரின், மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதியையும் தடுக்கிறது. பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்தும் அந்த வழியாக உடைபடுவதுதான். போதாதற்கு, குர்குமின் கொடுத்த எலிகளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தின் வேலை மந்தப்பட்டதாக 2002இல் ஓர் ஆய்வு வந்தது. அக்காவுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துகள் இந்த இரண்டும். எலி வேறு, மனிதர் வேறு என்பது சரிதான். ஆனால் மிளகு ரசத்துக்கும், செறிவாக்கிய மஞ்சளையும் பைப்பரினையும் ஒன்றாக அடைத்த கேப்ஸ்யூலுக்கும் இருக்கும் தூரத்தை ஒருவர் கணக்கில் எடுக்க வேண்டாமா?

வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும் இதே வரிசை. மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்த அமெரிக்கப் பெண்களிடம் கேட்டறிந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கீமோவுக்கு முன்பும் நடுவிலும் இவற்றை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு அதிகமாகத் தெரிந்தது. புள்ளிவிவரம் முழு உறுதி கொடுக்கவில்லை. எங்கள் மருத்துவருக்கு அந்த அளவு சந்தேகமே போதுமானதாக இருந்தது. நெல்லிக்காயைத் தொட்டுக்கொள்ளலாம், மாத்திரை வேண்டாம் என்றார்.

சித்தப்பா ஒருநாள் நேரடியாகவே கேட்டார்: "கீமோ விஷம். செடி இயற்கை. விஷத்தை ஏற்றிக்கொண்டு இயற்கையை நிறுத்துவது என்ன நியாயம்?" நல்ல கேள்வி. அன்று அக்காவுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த பாக்லிடாக்ஸல், அமெரிக்கப் பசிபிக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் அதைப் பயிராகவே போடுகிறார்கள். சித்தப்பாவின் கொல்லையிலும் இருக்கிறது. அந்தச் செடியை அரைத்துக் குடித்தால் வின்கிறிஸ்டின் கிடைக்காது. எவ்வளவு என்று தெரியாத அளவில் பல நச்சுக் காரங்கள் கிடைக்கும். டிரிப்பில் ஏறுவது உயரம், எடை பார்த்து மில்லிகிராமில் கணக்கிட்டது. சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். அது நல்ல பதில்தான்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. அங்கே படித்துப் பல ஆண்டு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் அக்காவின் ஃபைலைக் கொண்டுபோனேன். அவர் ரத்த ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக விரித்துவைத்துப் படித்தார். "கீமோ முடியும் வரை என் மருந்து எதுவும் வேண்டாம், அம்மா. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வண்டி ஓட்ட முடியாது" என்றார். புற்றுக்குச் சித்தத்தில் சொல்லப்படும் இரசகந்தி மெழுகு என்ற மருந்தில் பாதரசமும் சேராங்கொட்டையும் சேர்வதையும், முறையாக நச்சு நீக்கிச் சுத்தி செய்யாத சேராங்கொட்டை தோலைக் கொப்பளிக்க வைக்கும் என்பதையும் அவரே சொன்னார். "பொதிகை மலை மூலிகை என்று சொல்லி, லேபிள் இல்லாத டப்பாவில் கொடுப்பவனிடம் வாங்காதீர்கள்" என்பது அவர் கடைசியாகச் சொன்னது. நோயாளியைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே 'நான்காம் நிலையையும் குணமாக்குவேன்' என்று மருந்து அனுப்புகிற ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரம் வந்தாலே ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் எதுதான் உதவியது?

புரதம். உணவியல் ஆலோசகர் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்றார். 55 கிலோ அக்காவுக்கு நாளுக்கு 66 முதல் 82 கிராம். வெள்ளை அணுவும் ஆறுகிற தையலும் இதிலிருந்துதான் உண்டாகின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்று கேட்டபோது மலைத்தோம். வாய்ப்புண்ணும் குமட்டலும் இருக்கும் ஆளுக்கு இதைச் சேர்ப்பது பெரிய வேலை. முழுதாக வேகவைத்த முட்டை, குழையவைத்த பாசிப்பருப்பு, முள் எடுத்த மீன், காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறைகுத்திய தயிர், மிக்ஸியில் அடித்த சுண்டல் என்று சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்தோம். பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் பேச்சை அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

குமட்டலுக்கு இஞ்சி. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: 576 நோயாளிகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான வாந்தி மருந்தோடு நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம், அவரும் சரி என்றார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் இதையும் கேட்டே கொடுக்க வேண்டும்.

வைட்டமின் டி ரத்தத்தில் பார்த்தார்கள், குறைவு, மாத்திரை எழுதினார்கள். குறைவு என்று தெரிந்து நிரப்புவது நியாயம். தெரியாமல் வாரம் ஒரு 60,000 யூனிட் விழுங்கிக்கொண்டே போனால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

காலையில் மைதான வாசலில் விற்கும் அருகம்புல் சாறு, வெட்டிவைத்த பழம், அரைவேக்காட்டு முட்டை மூன்றும் எண்ணிக்கை குறைந்த நாட்களில் கூடாது. மண்ணில் கிடந்த புல்லைப் பச்சையாக அரைத்தால் என்னென்ன கிருமி சேரும் என்று யோசித்தாலே போதும். சமைத்த சாப்பாடு, கொதித்து ஆறிய தண்ணீர், வருகிறவர் எல்லோருக்கும் வாசலிலேயே சோப்பு. சளி பிடித்தவர்கள் வர வேண்டாம் என்று சொன்னதில் இரண்டு பேருக்குக் கோபம். சாயங்காலம் தெருவுக்குள்ளேயே அத்தானுடன் மெதுநடை. உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. அவ்வளவுதான்.

முள் சீத்தாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்று அதிகம் சுற்றுவது அதுதான். ஆய்வுக் கூடத்தில் அதன் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது உண்மை. கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்வது எத்தனையோ பொருளுக்கு எளிது. மனிதரில் நோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் கிடையாது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுங்காலம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்பட்டது. அதிலிருக்கும் அனோனசின் நரம்புச் செல்லைக் கெடுப்பது என்று சந்தேகிக்கிறார்கள். பாக்லிடாக்ஸலே விரல்களை மரத்துப்போக வைக்கும். அதோடு இதையும் ஏன் சேர்க்க வேண்டும்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி அறுவையே வேண்டாம் என்று, பாதாம் போன்ற ஒரு கொட்டையையும் சாறுகளையும் நம்பிப் போனார். வைட்டமின் பி17 என்று சொல்லி விற்றார்கள். அது வைட்டமினே இல்லை, வயிற்றுக்குள் சயனைடு விடும் பொருள். அமெரிக்காவில் 178 நோயாளிகளிடம் சோதித்து, பயனில்லை, சிலருக்குச் சயனைடு நஞ்சின் அறிகுறி தெரிந்தது என்று 1982இலேயே சொல்லிவிட்டார்கள். அவர் மருத்துவமனைக்குத் திரும்பியபோது கட்டி தோலை உடைத்திருந்தது. மருந்தை விட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் மரண வாய்ப்பு 2.5 மடங்கு என்றது. மார்பகப் புற்றில் அது 5 மடங்குக்கும் மேல். அக்காவின் சந்தேக நாட்களில் நான் இந்த எண்களைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியே வந்து பேசினார்.

உறவுகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பவர்களுக்கு: புட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், "டாக்டரிடம் காட்டிவிட்டுத் தருகிறோம்" என்று சொல்லி உள்ளே வைத்துவிடுங்கள். பிறகு அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். மீன் வாங்கி வரலாம், கீமோ நாளில் கூட உட்காரலாம், அத்தானைக் கொஞ்சம் தூங்க விடலாம். புட்டி கொண்டுவருகிற பலர் உண்மையில் செய்வதற்கு ஏதாவது கிடைக்காதா என்றுதான் தவிக்கிறார்கள்.

மருத்துவரிடம் "இயற்கை மருந்து சாப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்ற பொதுப் பதில்தான் வரும். புட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். இது ஈரலைத் தொடுமா, ரத்தம் உறைவதைத் தடுக்குமா, என் கீமோ மருந்தோடு மோதுமா, எப்போதிலிருந்து எடுக்கலாம் என்று நான்கையும் கேளுங்கள். பின்பக்கத்தில் உட்பொருளும் அளவும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

அக்கா இப்போது, நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரையில் இருக்கிறாள். கீமோ முடிந்துவிட்டதே, இனி மஞ்சள் கேப்ஸ்யூல் எடுக்கலாமா என்று அவளே கேட்டாள். நெதர்லாந்தில் 2019இல் ஒரு சிறிய ஆய்வு, மஞ்சள் கேப்ஸ்யூலோடு தமாக்ஸிஃபென் எடுத்தவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்ததைக் கண்டிருக்கிறது. பைப்பரின் சேர்ந்தபோது குறைவு இன்னும் கூடியது. மருத்துவர் வேண்டாம் என்றார். நோட்டில் அந்த வரிக்கு எதிரே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மிளகு ரசம் வாரம் நான்கு நாள் நடக்கிறது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.